மச்சினனின் குதிகால்

கேள்வி: நான் காரைக்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வயது 44. நாலு வருஷமாக ஓடுகிறேன், மூன்று அரை மாரத்தான் (21 கிலோமீட்டர்) முடித்திருக்கிறேன். என் மனைவியின் தம்பிக்கு 36 வயது, ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதால் ஜூலையில் நான்தான் அவனை ஓட இழுத்துக்கொண்டு போனேன். நன்றாகவே ஓடினான். நான் போட்டுப் பழசான ஷூ அவனுக்கு அளவாக இருந்தது. என் அட்டவணைப்படியே ஓடி, ஞாயிறு லாங் ரன்னில் 16 கிலோமீட்டர் வரை வந்துவிட்டான். தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் இடது குதிகாலில் வலி ஆரம்பித்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் பத்து அடிக்கு நொண்டுகிறான், அப்புறம் சரியாகிவிடுகிறது. லாங் ரன் அன்று டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டு வருகிறான். குழுவில் ஆறு பேர் இருக்கிறோம், எல்லோரும் "வலியைப் பழகிக்கோ மாப்ள" என்கிறார்கள். ஜனவரியில் சென்னையில் அரை மாரத்தான். இரண்டு பேருக்கும் பணம் கட்டியாகிவிட்டது, இன்னும் ஒன்பது வாரம்தான். கைகோத்தபடி முடிக்க வேண்டும் என்று ஆசை. "என் தம்பி காலை ஒடிக்காம விடமாட்டீங்களா" என்று கேட்டுவிட்டு என் மனைவி ஒரு வாரமாகப் பேசுவதில்லை. அவன் மனைவி மூன்று வயதுப் பெண் குழந்தையோடு வீட்டில் இருக்கிறாள், அவள் ஒன்றும் சொல்லவில்லை. இவனை எப்படி ஓட வைப்பது?

பதில்:

அன்புள்ள காரைக்குடி வாசகருக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். மாத்திரையை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

நீண்ட தூரம் ஓடும்போது ரத்தம் தசைகளுக்கும் தோலுக்கும் திரும்பிவிடும், சிறுநீரகத்துக்குப் போவது குறைந்துவிடும். வியர்த்து உடம்பில் நீர் வற்றினால் இன்னும் குறையும். அந்த நெருக்கடியில் தன் ரத்தக் குழாய்கள் சுருங்காமல் இருக்கச் சிறுநீரகம் புரோஸ்டாகிளாண்டின் என்கிற பொருளை நம்பித்தான் இருக்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் தடுப்பது அதைத்தான். வயிற்றுப் புண் வேறு. சர்க்கரை எல்லையில் நிற்கிற ஒருவர் சிறுநீரகத்தோடு விளையாடக் கூடாது. பந்தயத்தன்றும் கூடாது, அதற்கு முந்தின இரவும் கூடாது. மெடிக்கலில் கேட்டால் கொடுக்கிறார்கள் என்பதற்காக அது மிட்டாய் ஆகிவிடாது.

இனி குதிகால். காலை முதல் அடியில் குத்துகிறது, பத்து அடியில் விடுகிறது, நாள் முழுக்க நின்றால் சாயங்காலம் திரும்ப வருகிறது என்றால் அது பெரும்பாலும் பிளாண்டர் ஃபேஷியைட்டிஸ். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஒரு கெட்டியான பட்டை ஓடுகிறது. அது எலும்பில் ஒட்டும் இடம் சுமை தாங்காமல் நொந்துபோகிறது. எக்ஸ்ரேயில் குதிகாலில் முள் மாதிரி எலும்பு வளர்ந்திருப்பது தெரிந்தாலும் பயப்பட வேண்டாம், வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு.

நேரில் பார்க்காமல் நான் சொல்வது ஊகம்தான். அதனால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். அவரை உட்காரவைத்து, குதிகாலின் அடியில் உள்பக்கமாக, சற்று முன்னால் கட்டைவிரலால் அழுத்துங்கள். அங்கே "ஆ" என்றால் நான் சொன்னதுதான். பிறகு குதிகாலை இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளங்கைகளால் எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி அமுக்குங்கள். அதில் துள்ளினால் எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். அப்படியானால் ஓட்டம் உடனே நிற்க வேண்டும், எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். ராத்திரி படுத்திருக்கும்போதே வலித்தாலும், எரிச்சலோ மரத்துப்போவதோ இருந்தாலும் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், உங்கள் கடிதத்திலேயே மூன்று காரணம் இருக்கிறது. ஒன்றைத்தான் உங்கள் மனைவி பிடித்திருக்கிறார்.

அவர் பிடித்தது ஓட்டத்தை. அதில் அவர் பாதி சரி. ஓட ஆரம்பித்தால் மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே பழகிவிடும். நரம்பென்று நாம் பொதுவாகச் சொல்லும் தசைநாண், உள்ளங்கால் பட்டை, எலும்பு இவற்றுக்கெல்லாம் மாதக் கணக்கு. அதனால்தான் மூன்றாம், நாலாம் மாதத்தில், "இப்பதான் நல்லா ஓட வருது" என்று சொல்கிற நேரமாகப் பார்த்துக் கால் மக்கர் பண்ணும். நீங்கள் நாலு வருஷம் ஓடிப் பதப்படுத்திய கால்களுக்குப் போட்ட அட்டவணை அது. அவர் நாலு மாதத்தில் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

இரண்டாவது ஷூ. போகிற போக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டீர்கள். ஓடுகிற ஷூவுக்குப் பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரைதான் ஆயுசு. மேலே பளபளவென்று இருந்தாலும் அடியில் மெத்தை செத்திருக்கும். பாசத்தில் கொடுத்திருக்கிறீர்கள், புரிகிறது. சட்டை கொடுக்கலாம், வேட்டி கொடுக்கலாம். ஓடிக் கழித்த ஷூவைக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவதை நீங்கள் யாருமே யோசித்ததாகத் தெரியவில்லை. வலி வந்தது தீபாவளிக்கு முன்னால். ஜவுளிக்கடையில் அது எந்த மாதிரி நேரம் என்று காரைக்குடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். விரிப்புப் போட்ட இடம் என்பதால் செருப்பும் கிடையாது, விரிப்புக்குக் கீழே கிரானைட். ஒவ்வொரு சேலைக்கும் ஏறி இறங்க வேண்டும். அதை முடித்துவிட்டு அதிகாலை எழுந்து 16 கிலோமீட்டர். ஓடவே ஓடாத சேல்ஸ்மேன்கள் இதே குதிகாலோடு வருஷா வருஷம் என்னிடம் வருகிறார்கள், கார்த்திகை பிறந்ததும் வரிசைகட்டி. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தியிருக்கிறார்கள். ஸ்டூல் இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். இருந்தும் முதலாளி கண்ணுக்குப் பயந்து உட்காராமல் இருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். வாடிக்கையாளர் இல்லாத ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால்கூட குதிகாலுக்கு அது பெரிய சம்பளம்.

என்ன செய்வது? இரண்டு வாரம் ஓட்டம் வேண்டாம். நொண்டிக்கொண்டு இருக்கிறவர் ஓடக் கூடாது, இதில் பேரமே இல்லை. சைக்கிள் மிதிக்கலாம், சர்க்கரைக்கும் அது போதும்.

காலையில் எழுந்ததும் காலைத் தரையில் வைப்பதற்கு முன், கட்டிலிலேயே உட்கார்ந்து, வலிக்கிற காலை மற்றத் தொடைமேல் போட்டு, கால்விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். பத்து எண்ணும்வரை. இப்படிப் பத்துத் தடவை. பிறகு செருப்பு. நம் ஊர் வீடுகளில் உள்ளே செருப்புப் போட்டால் ஆத்தாக்கள் விடமாட்டார்கள், தெரியும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை கண்ணுக்கு எவ்வளவு அழகோ, நொந்த குதிகாலுக்கு அவ்வளவு பகை. வெளியே கொண்டுபோகாத ரப்பர் செருப்பு ஒன்றைப் புதிதாக வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வையுங்கள். "வைத்தியத்துக்கு" என்று சொன்னால் பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்கள். என் நோயாளி ஒருவர் வீட்டில் அதற்கு "டாக்டர் செருப்பு" என்று பெயரே வைத்துவிட்டார்கள், நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட் என்று எத்தனை முறை சொல்லியும்.

அடுத்தது திண்ணைப் படி. உண்மையில் குணமாக்கப் போவது இதுதான், மற்றதெல்லாம் ஒத்தாசை. ஒரு துண்டைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, விரல்கள் துண்டின் மேல் மடங்கி நிற்கிற மாதிரி முன்பாதத்தால் நிற்க வேண்டும். குதிகால் படிக்கு வெளியே தொங்கும். தூணைப் பிடித்துக்கொள்ளலாம். மூன்று எண்ணி மேலே ஏற வேண்டும், மேலே இரண்டு எண்ணி நிற்க வேண்டும், மூன்று எண்ணிக் கீழே இறங்க வேண்டும். இது ஒன்று. இப்படிப் பன்னிரண்டு, கொஞ்சம் ஓய்வு, மறுபடி. மூன்று சுற்று. தினமும் வேண்டாம், ஒன்றுவிட்டு ஒரு நாள். முதலில் இரண்டு காலாலும் செய்யட்டும், பழகியதும் நோகிற காலால் மட்டும். அதுவும் சுலபமானால் முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு ஏறட்டும். மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். அவசரமாக எண்ணி முடிப்பவர்களுக்கு ஒரு பலனும் இல்லை, அதனால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் எண்ணுங்கள். கூட ஓடுகிறவன் செய்யக்கூடிய முதல் உதவி அது.

இரண்டு வாரத்துக்குப் பிறகு, காலை முதல் அடி வலி பத்துக்கு மூன்றுக்குள் வந்திருந்தால், இரண்டு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை என்று அரைமணி நேரம் தொடங்கலாம். ஓடும்போது வலிக்கிறதா என்பதைவிட மறுநாள் காலை முதல் அடியைத்தான் நம்ப வேண்டும். முந்தின நாளைவிடக் கூடியிருந்தால் ஓடியது அதிகம், குறைக்க வேண்டும். மாத்திரை போட்டால் இந்த அளவுகோல் பொய் சொல்லும் என்பது என் இன்னொரு கோபம்.

இப்போது அந்த ஐந்து பேர். "வலியைப் பழகிக்கோ" என்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. நானும் அப்படி ஒரு குழுவில் ஓடியவன்தான். முன்னங்கால் எலும்பில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் வலி இருந்தது. இதையே பிழைப்பாக வைத்திருக்கிற எனக்கு அது என்னவென்று தெரியாதா? தெரியும். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான், வாங்க சார்" என்று ஒரு பையன் முதுகில் தட்டினான். ஓடினேன். எலும்புக் கீறல். பத்து வாரம் என் மனைவி ஸ்கூட்டரில் என்னை கிளினிக்கில் இறக்கிவிட்டுப் போனார், வருகிற நோயாளிகள் எல்லாம் முதலில் என் காலை விசாரித்தார்கள். தட்டிய பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கு யாராவது ஒருவர் "இன்னிக்குப் போதும் சார், நானும் உங்களோட நடந்து வர்றேன்" என்று சொல்லியிருந்தால் நின்றிருப்பேன். தனியாக நிற்க வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

உங்கள் மச்சினர் மாத்திரை போடுவதும் அந்த வெட்கத்தில்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் இழுத்துக்கொண்டு வந்த ஆள் அவர். உங்கள் முகத்துக்காக ஓடுகிறார். நின்றால் அத்தானை ஏமாற்றியதாக ஆகிவிடுமோ என்று பயம். ஆகவே "நிறுத்து" என்பது உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும், குழுவில் மற்றவர்கள் காதுபட.

நிறுத்தியவரை வீட்டில் படுக்கவிடாதீர்கள். இரண்டு வாரம் ஆட்களைப் பார்க்காமல் இருந்தால் அவர் திரும்பி வரமாட்டார், சர்க்கரைதான் திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமை யாருடைய டிவிஎஸ் எக்ஸெல்லையாவது கொடுத்து, தண்ணீரும் ஓஆர்எஸ்ஸும் ஏற்றிக் கூட வரச் சொல்லுங்கள். குன்றக்குடி போய்த் திரும்பினால் ஏறக்குறைய அரை மாரத்தான் தூரம். அந்த இருட்டில் பின்னால் ஒரு வண்டி வெளிச்சம் இருந்தால் நாய்க்கும் பயம், லாரிக்கும் நீங்கள் தெரிவீர்கள். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கண்ணளவில் கலக்க வேண்டாம். வாட்ஸப்பில் பேஸ், அதாவது ஒரு கிலோமீட்டரை எத்தனை நிமிஷத்தில் ஓடினோம் என்று போடுகிற பழக்கத்தை ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். "எத்தனை ஓடினே" என்பதற்குப் பதில் "இன்னிக்குக் காலைல முதல் அடி எப்படி" என்று கேட்டால் போதும், மற்ற ஐந்து பேரும் மறைத்து வைத்திருக்கிற முழங்கால்களும் இடுப்புகளும் வெளியே வரும்.

ஜனவரி பற்றி என் கணிப்பு, அவர் 21 கிலோமீட்டர் ஓடும் நிலையில் இருக்க மாட்டார். பத்துக் கிலோமீட்டர் பிரிவுக்கு மாற்றித் தருவார்களா என்று அமைப்பாளர்களிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். மாற்ற முடியாது என்றால், பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு தேதியைக் குறியுங்கள். அன்று ஓட்டமும் நடையுமாக 14 கிலோமீட்டர் போய், மறுநாள் முதல் அடி கூடவில்லை என்றால் அதே ஓட்டமும் நடையுமாகச் சென்னையில் தொடங்கலாம். நேர வரம்பை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கூடிவிட்டால் அவர் பையைப் பிடித்துக்கொண்டு முடிவுக் கோட்டில் நிற்பார். தேதியை இப்போதே குறித்தால்தான் அன்றைக்குச் சண்டை வராது.

கைகோத்து முடிப்பது என்றால், முதல் மீட்டரிலிருந்தே அவர் வேகம்தான் உங்கள் வேகம். உங்கள் நேரத்தை மறந்துவிட வேண்டும். பாதிவரை முன்னால் ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்துக் கைகாட்டுவது துணை ஆகாது. உங்களுக்கு உங்கள் நேரம்தான் முக்கியம் என்றால் அதிலும் தப்பில்லை, முந்தின நாள் பல்லவன் எக்ஸ்பிரஸில் போகும்போதே சொல்லிவிடுங்கள். ஆறேழு மணி நேரப் பயணம், பேசுவதற்கு நேரம் நிறைய. மணிக்கு ஒரு தடவை எழுந்து பெட்டிக்குள் நடக்கவும் செய்யுங்கள். ஓடும்போது நெஞ்சு அழுத்தம், தலைசுற்றல், பேச்சு குழறல் எது யாருக்கு வந்தாலும் இரண்டு பேரும் நிற்க வேண்டும், அதற்கு முன்கூட்டிப் பேச்சு ஒன்றும் தேவையில்லை.

கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி வேறு. "அவள் ஒன்றும் சொல்லவில்லை."

ஜவுளிக்கடை மூடி அவர் வீடு சேர இரவு பத்தாவது ஆகும். குழந்தை தூங்கியிருக்கும். காலையில் அது கண் விழிக்கும்போது அப்பா ஓடப் போயிருப்பார். ஓடிவிட்டு வந்து குளித்துச் சாப்பிட்டுக் கடைக்குப் போய்விடுவார். மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்பாவோடு இருந்த ஒரே வேளை காலைதான், அதைத்தான் நாம் எடுத்துக்கொண்டோம். அவர் மனைவி ஒன்றும் சொல்லாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரைக்காக ஓடுகிற மனுஷனை எப்படித் தடுப்பது என்று வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

நம் பக்கத்தில் தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறார்கள். நகரத்தார் காவடி குன்றக்குடியில் சேர்ந்து, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று 150 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறது. நடந்தவர்களின் கால் கொப்புளங்களை வருஷா வருஷம் பார்க்கிறவன் நான். அந்த வீடுகளில் யாரும் "எதுக்கு நடக்கிறீங்க" என்று சண்டை போட்டு நான் கேட்டதில்லை. சாமி காரியம் என்பது ஒரு காரணம்தான். புறப்படும் நாளும் திரும்பும் நாளும் வீட்டுக்குத் தெரியும், அது இன்னொரு காரணம். நடக்காதவர்களுக்கும் அதில் வேலை உண்டு, மரியாதை உண்டு, வழியில் சோறு கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. நம் மாரத்தானுக்கு முடிவுத் தேதியே கிடையாது. சென்னை முடிந்த ஈரம் காய்வதற்குள் அடுத்த ஊருக்குப் பணம் கட்டிவிடுகிறோம். வீட்டில் இருப்பவர்கள் எதை எண்ணிப் பொறுத்துக்கொள்வார்கள்?

ஆகவே இரண்டு வீட்டிலும் நாட்காட்டியில் பந்தய நாளைக் குறியுங்கள். அதற்கடுத்த ஒரு மாதம் லாங் ரன் இல்லை என்றும் எழுதுங்கள். இனி அவருக்கு வாரம் மூன்று நாள்தான் ஓட்டம், அதுவும் குழந்தை எழுவதற்கு முன் திரும்பிவிட வேண்டும். மற்ற நாள் காலை பிள்ளையோடு. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஓடி முடிக்கிற இடம் உங்கள் வீடாக இருக்கட்டும். அவர் மனைவியையும் குழந்தையையும் அங்கே வரச் சொல்லுங்கள், அத்தை வீடுதானே. வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு அன்றைக்கே ஆட்டி வையுங்கள், சுடுவதை ஓடிய ஆண்கள் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ஈடு எண்ணெய் குடித்துச் சப்பையாக வரும், பரவாயில்லை. அங்கே வைத்து அவர் மனைவியிடம் "உனக்கு எந்த நாள் காலை வேணும்" என்று அவர் கேட்கட்டும். நீங்கள் கேட்க வேண்டாம், அவரே கேட்கட்டும்.

உங்கள் மனைவியிடம், மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது, ஷூவைக் கொடுத்தது என் தப்பு என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தீபாவளிக் கடை பற்றி நான் எழுதியதை இப்போது படித்துக்காட்ட வேண்டாம், சாக்குச் சொல்கிற மாதிரி இருக்கும். நாலு நாள் போகட்டும்.

இரண்டு வாரத்தில் முதல் அடி வலி குறையவே இல்லை என்றால் அவரை அழைத்துக்கொண்டு வாருங்கள். அந்த ஷூவையும் கொண்டுவாருங்கள். துவைத்துக் காயவைத்து எடுத்துவர வேண்டாம், இருக்கிறபடியே வேண்டும்.